பொன்னாடையின் ஓசை

மைக்கைப் பார்த்தால் எழுந்து நிற்கும் பழக்கம் நம் பேராசிரியர்களுக்கு உண்டு. “உட்கார்ந்தே பேசலாம் சார், இது பாட்காஸ்ட்” என்றால், உடம்பை உட்காரவைத்துவிட்டுக் குரலை மட்டும் எழுப்பி நிறுத்துவார்கள். எதிரே மூன்றடி தூரத்தில் இருப்பது நான் ஒருவன். ஆனால் கடைசி வரிசைக்கும் பின்னால், புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பவனுக்கும் கேட்டாக வேண்டும் என்ற அக்கறையோடு பேசுவார்கள். அப்படி ஒருவன் நிற்கவில்லை என்று அவர்களை நம்பவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பாட்காஸ்டுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். தமிழ்த்துறைக்காரன், எப்படியும் பேசுவான் என்ற கணக்கு. “பல்கலைக்கழகச் சமூகத்தின் குரல்களையும் பணிகளையும் உலகறியச் செய்தல்” என்றது சுற்றறிக்கை. உலகம் என்ன பாவம் செய்தது என்று துறைத்தலைவரிடம் மெல்லக் கேட்டேன். கூடுதல் பொறுப்புக்குப் படி கிடையாது என்று அவரும் மெல்லச் சொன்னார்.

ஸ்டுடியோ என்று ஒதுக்கப்பட்டது பழைய விடைத்தாள் அறை. சுவரில் ஒலி உறிஞ்சும் ஃபோம் ஒட்டக் கேட்டேன். மூன்று கொட்டேஷன் வாங்கச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தேன். மூன்றில் குறைந்ததும் அதிகம் என்று கோப்பு திரும்பி வந்தது. அப்போதுதான் ஒலிப்பதிவு பார்க்கும் தம்பி ஒன்றைக் கண்டுபிடித்தான்: சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டுகளே எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்தன. யோசித்தால் நியாயம்தான். வழவழப்பான கெட்டிச் சுவரில் மோதினால் ஒலி திரும்பி வரும். மேடும் பள்ளமுமாய், இடையிடையே காற்று நிறைந்த காகிதக் கட்டில் சிக்கினால் அங்கேயே கரைந்துவிடும். அரியர் மாணவர்களின் உழைப்பு ஒன்றும் வீண்போகவில்லை.

மின்விசிறியை மட்டும் நிறுத்தியாக வேண்டும். சித்திரை மாதம், ஜன்னல் அடைத்த அறை, விசிறி கிடையாது. விருந்தினரின் உரையைச் சுருக்க இதைவிடச் சிறந்த எடிட்டர் எந்த நாட்டிலும் இருக்க முடியாது. கஞ்சி போட்ட சட்டைதான் தொல்லை. காலர் மைக்கை அதில் மாட்டினால், அவர் மூச்சு விடும்போதெல்லாம் யாரோ அப்பளம் நொறுக்குவது மாதிரி கேட்கும்.

முதல் பகுதிக்கு ஒரு மூத்த பேராசிரியர். “வணக்கம்” என்று தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். “மாண்பமை துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களே” என்று தொடங்கினார். அறையில் நானும் தம்பியும் அட்டெண்டரும்தான். எங்களைப் பட்டியலின் கடைசியில் “மற்றும் பலர்” என்ற பகுதியில் சேர்த்துக்கொண்டார். முடிந்ததும் அட்டெண்டர் பொன்னாடையோடு நின்றார். முறைப்படி சுற்றறிக்கை அனுப்பி வாங்கியதாம். ஒலி நிகழ்ச்சியில் பொன்னாடை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். “தெரியாதுன்னு போடாம விட முடியுமா சார்?” என்றார். ஆகவே, “நேயர்களே, தற்போது பொன்னாடை போர்த்தப்படுகிறது” என்று நான் அறிவித்தேன். அட்டெண்டர் கைதட்டினார். சரிகைக் கரை மைக்கில் உரசிய கரகரப்பு இன்றும் அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கும். பேராசிரியர் பேசியதைவிடத் தெளிவாக.

பல்கலைக்கழகம் காற்றில் பேசுவது நமக்குப் புதிதும் அல்ல. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. கல்வி வளாகமொன்றிலிருந்து ஒலித்த இந்தியாவின் முதல் சமுதாய வானொலி. இத்தகைய நிலையங்களுக்கு அனுமதி 100 வாட். பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் பெரிய விஷயம். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் கூடாது. அதே பிப்ரவரியில்தான் லண்டன் கார்டியன் இதழில் பென் ஹேமர்ஸ்லி ‘பாட்காஸ்டிங்’ என்ற பெயரை அச்சேற்றினார். அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் 1,600க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கொரு ஐபாட் கொடுத்தது. இதை அலுவலகத்தில் சொன்னேன். “ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தினாங்களாமா?” என்று கேட்டார்கள்.

பாட்காஸ்டுக்கு வாட் கட்டுப்பாடு இல்லை, வட்டாரம் இல்லை, உரிமம்கூட வேண்டாம். இவ்வளவு சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் ஒரு குழு அமைத்தோம்.

விலங்கியல் துறை மேடம் ஒருவர் தட்டான்களை ஆராய்கிறவர். வளாகக் குளத்தில் முழங்கால் சேற்றில் நின்று இளம்புழுக்களை எண்ணுகிறவர். ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும், “எமது ஆய்வின் வாயிலாக அறியக்கிடப்பது யாதெனில்” என்றார். எனக்கே வேர்த்தது, விசிறியும் இல்லை. பதிவு முடிந்து, கேண்டீனில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அப்போது அவர் பேசினார்: “மழைக்கு முன்னாடி கிரவுண்டுல கூட்டமாப் பறக்குமே மஞ்சளா ஒரு தட்டான், அது இங்கேருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகுது சார்! மாலத்தீவுல ஆண்டர்சன்னு ஒருத்தர் வருஷா வருஷம் அக்டோபர்ல அதைப் பார்த்துப் பார்த்து, ‘இங்கே முட்டையிடக் குளமே இல்லியே, இது எங்கேருந்து வருது’ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். 2009ல பேப்பர் போட்டார். போன தட்டான் திரும்பாது. அதோட பிள்ளை பேரன்தான் அடுத்த காற்றுல வரும். பயணப்படி கிடையாது, தினப்படி கிடையாது, போயிட்டே இருக்கு.”

டீ ஆறிப்போயிருந்தது. “மேடம், இதை ஏன் உள்ளே சொல்லலை?” என்றேன்.

“அது சும்மா பேச்சு சார். பாட்காஸ்ட்ல போய் அதையெல்லாமா?” என்றார்.

எங்கள் நோய் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மேடைக்கென்று ஒரு தமிழ், டீக்கடைக்கென்று ஒரு தமிழ். அறிவெல்லாம் இரண்டாவதில் இருக்க, மைக்கை முதலாவதற்கு நீட்டிக்கொண்டிருக்கிறோம். ஒலிநிகழ்ச்சி கேட்கிறவன் தனியாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறான். அவனைப் பார்த்து யாராவது “பெரியோர்களே” என்பார்களா?

குழுக் கூட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டை இழுத்தேன். அங்கே மரியான் டால்பட் என்ற தத்துவ ஆசிரியர் நடத்திய அறிமுக வகுப்புகளின் ஒலிப்பதிவு, ஐடியூன்ஸ் யூ தளத்தில் உலக அளவில் முதலிடத்துக்குப் போனது. பெரிய ஸ்டுடியோ வேலை ஒன்றுமில்லை. அந்த அம்மையார் வகுப்பெடுத்தார், பக்கத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. “நாமும் அப்படியே, பேசுகிற மாதிரி பேசலாமே” என்றேன். மூத்த உறுப்பினர் ஆழ்ந்து யோசித்து, “அவங்க யுனிவர்சிட்டிக்கு ஏற்கெனவே பேர் இருக்கு. அவங்க சாதாரணமாப் பேசலாம்” என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது கொஞ்சம் உண்மையும்கூட.

கேட்டவர் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பகுதிகள் எல்லாவற்றையும் பேசியவரும் அவர் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் அதுவும் சந்தேகம். ஒன்றே ஒன்று மட்டும் மாவட்டம் தாண்டி ஓடியது: மறுமதிப்பீடு பற்றித் தேர்வுத்துறை அதிகாரி பேசிய பகுதி. அதில் ரிசல்ட் தேதி வருகிறது என்று விடுதியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். தேதி வரவில்லை. ஆனாலும் “விரைவில்” என்று அவர் சொன்ன இடத்தில் எந்த நாளை மனதில் வைத்துச் சொன்னார் என்று, அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். இலக்கிய உரைக்கு இவ்வளவு நுட்பமான வாசகர் எனக்கு வாய்த்ததில்லை.

ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு வந்தது. பாட்காஸ்டுக்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். லிங்க் கொடுத்தேன். ஹார்ட் காப்பி கேட்டார்கள். ஒலிக்கு ஹார்ட் காப்பியா என்று நான் கேட்கவில்லை. அந்த வயதைக் கடந்துவிட்டேன். எல்லாப் பகுதிகளையும் தட்டச்சு செய்து, பொன்னாடை போர்த்தப்படும் இடங்களை அடைப்புக்குறிக்குள் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கில் மூன்று பிரதி வைத்தோம். மேடம் கேண்டீனில் சொன்ன தட்டான் கதையை, அவரைக் கேட்டு, பின்னிணைப்பாகச் சேர்த்தேன்.

குழுவில் ஒரு பெரியவர் பொறுமையாகப் புரட்டினார். பின்னிணைப்பில் நின்றார். முகம் மலர்ந்தது. என்னைக் கூப்பிட்டு, “இந்த இடம் பிரமாதமா இருக்கு தம்பி. இதையெல்லாம் வெறும் தாள்ல வெச்சிருக்கீங்களே! நல்ல குரலா ஒரு ஆளைப் பிடிச்சு, வாசிக்கச் சொல்லி ரெக்கார்டு பண்ணிப் போட்டா, பசங்க கேட்பாங்கல்ல?” என்றார்.