கர்துங் லாவிலிருந்து கவரைப்பேட்டைக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலைகளின் வாசலில் விடியற்காலை 5 மணிக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் முகம் மழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, டார்ச்சும் கையுமாக வண்டியைச் சுற்றி வருகிறாரா? விசாரிக்கவே வேண்டாம், மிலிட்டரி. அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தச்சூர் கூட்டுச்சாலை டீக்கடையிலிருந்து எளாவூர் சோதனைச்சாவடிவரை அது யாருக்கும் தெரியாது.

19 வயதில் பட்டாளத்துக்குப் போய், ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவான ஏஎஸ்சியில் டிரைவராக 17 வருஷம் ஓட்டிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பும்போது அவருக்கு 36. கூடப் படித்தவர்களில் சிலர் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் ரிட்டையர்டு. தமிழக அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986-லிருந்து முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்பிவருகிறது. நம்மவருக்கு அதில் நாட்டமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் முதுகு வளைந்துவிடும் என்பது அவர் கட்சி. கையில் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. லாரி செட்டுக்கு நடந்தார்.

“எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்றார் ஓனர்.

“கர்துங் லா ரூட்ல ஓட்டியிருக்கேன் சார்.”

“அது எங்க, தடா தாண்டியா?”

“தாண்டித்தான் சார். கொஞ்சம் மேல ஏறணும்.”

அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று மட்டும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. லடாக்கிலுள்ள அந்தக் கணவாயின் பழைய போர்டில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. பிற்பாடு அளந்தவர்கள் 17,582 என்றார்கள். இடையிலுள்ள 798 அடியை டெல்லியில் யாரோ அமுக்கிவிட்டதாகவே அவர் நினைக்கிறார்.

காலையில் அவருக்கு ‘ஃபர்ஸ்ட் பரேடு’ நடந்தாக வேண்டும். ஆயில், தண்ணீர், பெல்ட், விளக்கு, டயர் எல்லாம் பார்த்து, ஸ்பேனர்களைத் தார்ப்பாயில் சைஸ் வாரியாக அடுக்கி, திரும்ப எடுத்து வைக்க வேண்டும். பெரியபாளையத்துக் கிளீனர் பையன் கொட்டாவி விட்டபடி கேட்டான்: “நேத்துதானண்ணே பார்த்தோம்?”

“நேத்து பார்த்தது நேத்தைக்குடா.”

டைரியில் கிலோமீட்டரும் டீசலும் எழுதிவைப்பார். கணக்கு சொட்டுக்குச் சொட்டு சரியாக இருந்தது. ஓனருக்குச் சந்தேகம் பிறந்ததே அப்போதுதான். இத்தனை வருஷத்தில் எந்த டிரைவரும் அவரிடம் சரியான கணக்குக் கொடுத்ததில்லை.

கல்கத்தா நெடுஞ்சாலையில் கான்வாய்ப் பழக்கம் கைகொடுப்பதில்லை. முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே முறைப்படி இடைவெளி விடுவார். அதில் ஒரு ஷேர் ஆட்டோ நுழையும். அதற்கும் இடைவெளி விடுவார். அங்கே ஒரு மினி வேன் நுழையும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கிளம்பியவர் இப்படியே விட்டுக்கொடுத்தால் பின்பக்கமாக நெல்லூர் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆலையின் கேட்டில் செக்யூரிட்டியும் முன்னாள் படைவீரர் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே குஷி. மிலிட்டரிக்கு மிலிட்டரி, வரிசை மடமடவென்று நகரும் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. எந்த யூனிட், எந்த வருஷம், எந்த சாப் என்று விசாரணை முடிந்து சல்யூட்டும் ஆனபின், செக்யூரிட்டி இ-வே பில்லை முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வண்டி நம்பரில் ஒரு எழுத்து மங்கலாக இருந்தது. “திருத்திட்டு வா” என்றார். நம்மவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே சபித்தார்கள்.

உள்ளே லோடு ஏற்றுவது பீகார், ஒடிசாப் பையன்கள். சூப்பர்வைசருக்கு இந்தி வராது. நம்மவருக்கு வரும், ஆனால் அது பரேடு மைதானத்து இந்தி. கெஞ்சல் கொஞ்சல் எதற்கும் அதில் வழியில்லை. “சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க” என்றார் சூப்பர்வைசர். இவர் சொன்ன தொனியில் பையன்கள் இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள்.

அதே சூப்பர்வைசரோடுதான் கம்பிச் சண்டையும். வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு லோடு போகக் கூடாது என்று மத்திய அரசு 2014-லேயே விதியைத் திருத்திவிட்டது. இரவில் இந்த ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் அந்த விதியின் அருமையைச் சொல்வார்கள். சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும் என்பது லாரி உலகத்து நம்பிக்கை.

“அரை அடிதானே மிலிட்டரி!”

“அரை அடி வெளிய இருக்கு சார்.”

“துணி கட்டிக்கலாம்.”

“துணிய நீங்க வச்சிக்கோங்க. கம்பிய உள்ள ஏத்துங்க.”

கிரேன் திரும்ப வந்தது. ஓனருக்கு அன்றைக்கு ஒரு டிரிப் நஷ்டம். போனில் கத்தினார். நான் ஓனராக இருந்தாலும் கத்தியிருப்பேன். பைக்கில் அந்த வழியாகப் போகிறவன் என்பதால் மிலிட்டரி கட்சி.

மாதம் பிறந்தால் அவரைச் சுற்றி நண்பர்கள் கூடுவார்கள். மிலிட்டரி கேன்டீன் கோட்டா ரம் விஷயம் ஊருக்கே தெரியும். ஆனால் கேன்டீனில் வாங்கியதை விற்கக் கூடாது என்பது ரூல். சும்மா கொடுத்தாலும் ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவரே சேர்த்துக்கொண்ட ரூல். கேட்டுப் போனவர்கள் ஆளுக்கொரு குளியல் சோப்போடு திரும்பினார்கள்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 வருஷப் பணி முடித்து வெளியே வரும் பையன்களைப் பற்றி ஓனர் ஒருநாள் கேட்டார். “வருவாங்க சார். 4 வருஷத்துல ஷூ பாலிஷ் வந்திருக்கும். மத்தது நான் சொல்லித் தர்றேன்” என்றார். ஓனர் பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் இரவு 10 மணிக்கு ஓனரின் போன். இன்னொரு டிரைவர் திடீர் லீவு. விடிந்ததும் அந்த ட்ரெய்லரை எடுக்க வேண்டும்.

“எழுத்துல குடுங்க சார்.”

வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கையெழுத்து இல்லை என்று பதில் வந்தது. ஓனர் பேனா தேடி, பேப்பர் தேடி, தொழிலுக்கு வந்து முதல்தடவையாக ஒரு டிரைவருக்கு உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

“சீல் எங்க சார்?”