பத்து மாதக் கணக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று எப்போதும் தொங்கும். பால் வராத நாள், வெளுக்கப் போட்ட துணியின் எண்ணிக்கை, சீட்டுக் கட்ட வேண்டிய தேதி எல்லாம் அம்மாவின் கையெழுத்தில் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே, எந்த விளக்கமும் இல்லாமல், மாதத்துக்கு ஒரு பென்சில் புள்ளியும் இருக்கும். அது என்னவென்று ஆண்பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை; கேட்டாலும் பதில் வந்திருக்காது. எனக்குக் கல்யாணமாகி, மனைவியோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எந்தத் தேதியில தலைக்குக் குளிச்சீங்கம்மா?" அம்மாவின் புள்ளி என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து பிரசவம் வரை 280 நாள், அதாவது 40 வாரம். டாக்டரம்மா மேஜை மேலிருந்த அட்டைச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்ன நாளையும், எங்கள் பாட்டி அமாவாசை பௌர்ணமியை வைத்து விரல்விட்டுச் சொன்ன நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக எண்ணினால் பத்து மாதம் என்பது மிகச் சரியான கணக்கு. இப்போது என் மகளின் போனில் ஒரு செயலி அந்தக் கணக்கைத் தானே போட்டு, இந்த வாரம் குழந்தை எலுமிச்சை அளவு என்று படத்தோடு காட்டுகிறது. அதைக் கொண்டுவந்து, "அப்பா, பாருங்களேன்" என்று அவள் என்னிடம் கூச்சமில்லாமல் காட்டுகிறாளே, அதை விடப் பெரிய மாற்றம் என் காலத்தில் எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு பாயும் தனித் தட்டும் தனிச் சொம்பும். மாதத்தில் மூன்று நாள் அம்மா அங்கே போய்விடுவாள். ஏன் என்று கேட்டால் காக்கா தொட்டுவிட்டது என்பார்கள். காக்கை எப்படி அம்மாவை மட்டும் தேடி வந்து தொடுகிறது என்று நான் கொல்லைக் கிணற்றடியில் காத்துக் கிடந்திருக்கிறேன். அந்த மூன்று நாளில் அம்மா பைண்டு செய்த தொடர்கதைகளை ஒரே மூச்சில் படித்து முடிப்பாள். அடுப்படியிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஓய்வு அது ஒன்றுதான். ஆனால் மழையானாலும் பனியானாலும் அங்கேதான் படுக்கை. பழந்துணியைத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் இன்னொரு புடவைக்கு அடியில், வெயில் படாத மூலையில் உலர்த்துவார்கள். நல்ல வெயிலில் காய்ந்திருந்தால் வந்திருக்காத அரிப்பும் புண்ணும் அதனால் எத்தனை பேருக்கு வந்திருக்கும்! பிறகு நாப்கின் வந்தது. இப்போது 'புதுயுகம்' திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தாழ்வாரப் பாய் போய்விட்டது. அதோடு அந்த மூன்று நாள் ஓய்வும் போய்விட்டது. வயிற்றுவலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கும்போது, பாயை எடுத்தவர்கள் ஓய்வை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

மாறாதது ஒன்று உண்டு: பொறுத்துக்கொள்வது. என் அத்தைக்குப் பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று உதிரம் போகும். முகம் வெளிறி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, அப்படியே பல வருஷம் இருந்தாள். கடைசியில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. அது புற்றுநோய் அல்ல, சாதாரண நார்க்கட்டிதான். 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வருவதும், இரண்டிலிருந்து ஏழு நாள் இருப்பதும் இயல்பு. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷமான பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். இன்றைய பெண்கள் நீர்க்கட்டி, பிசிஓடி என்று சிநேகிதிகளோடு சகஜமாகப் பேசுகிறார்கள். ஆனால் இன்றும் வீட்டில் அம்மாவிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மசக்கைக்கு வருவோம். அந்த நாளில் அது வீட்டுக்கே திருவிழா. பக்கத்து வீட்டு மாங்காய் கேட்காமலே வந்துவிடும். அக்கா அடுப்பு மண்ணையும் திருநீற்றையும் எடுத்துத் தின்பாள். பெரியம்மா பார்த்துச் சிரிப்பாள், எல்லோரும் சிரிப்போம். மண் தின்னும் ஆசைக்கும் ரத்தசோகைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடக் கர்ப்பிணிகளில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. நர்சம்மா வீடு தேடிக் கொண்டுவந்த இரும்புச்சத்து மாத்திரை, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் மலம்தான் கறுக்கும். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குங்குமப்பூவுக்கும் சம்பந்தமில்லை. மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் எலுமிச்சை ஜூஸோடு விழுங்கினால் சத்து நன்றாக உடம்பில் சேரும்.

அப்போதெல்லாம் "ரெண்டு உசுருக்குச் சாப்பிடுடி" என்று அதிரசமும் லட்டும் ஊட்டுவார்கள். இப்போது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, ஒரே நடையில் முடிந்துவிடும் என்பதால் கிராமத்துப் பெண்களுக்கும் எளிதான இந்தச் சோதனையை வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10, தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். எட்டாம் மாதத்தில் அவருக்கு முகமும் கையும் வீங்கின. "நீர் கோத்திருக்கு, ஆம்பளைப் புள்ளைதான்" என்று திண்ணையில் பேசிக்கொண்டார்கள். தலைவலி என்றார், சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டார்கள். கண் மங்குகிறது என்றார், படுத்துக்கொள் என்றார்கள். ஒரு ராத்திரி வலிப்பு வந்தது. காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்க ஆள் அனுப்பினார்கள். விடிவதற்குள் இரண்டு உயிரும் போயிற்று. அது காத்து கருப்பு அல்ல, ரத்த அழுத்தம். சென்னை எழும்பூரில் பெண்களுக்கென்று 1844-லேயே மருத்துவமனை வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது கிராமச் சுகாதாரச் செவிலியரின் பையில் அது இருக்கிறது. அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், இவையும் அப்படித்தான். நல்ல நேரம் பார்க்கக் கூடாது.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து ஓட்டிய காலத்தைப் பார்த்தவனுக்கு 108 வண்டியின் சத்தம் மங்கல வாத்தியமாகத்தான் கேட்கும். ஆனால் அதே 2019–21 கணக்கெடுப்பில், நூற்றுக்கு நாற்பத்தைந்து பிரசவம் அறுவைச் சிகிச்சை. உயிர் காக்கிற கத்திதான். ஆனாலும் எதற்காக என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

பிரசவத்துக்குப் பிறகு அந்த நாற்பது நாள்! சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்துக் கருப்பட்டிப் பாகில் நெய்விட்டுக் கிளறும் லேகியத்தின் மணம் தெருமுனைக்கே வரும். ஒருத்தி எண்ணெய் தேய்க்க, ஒருத்தி சாம்பிராணி போட, ஒருத்தி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, பெற்றவளுக்குத் தூங்குவது ஒன்றே வேலை. அந்தக் கூட்டமேதான் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவேண்டும் என்று இன்று எல்லாத் தாய்க்கும் தெரிகிறது. ஆனால் நகரத்து மாடி வீட்டில் ராத்திரி மூன்று மணிக்கு அழுகிற குழந்தையோடு அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் துக்கம் விலகவில்லையென்றால் அது நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

பழைய காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தெரு அக்காவைத் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்குக் கூட்டம் இருந்தது, விவரம் இல்லை. இன்றைக்கு விவரம் இருக்கிறது, கூட்டம் கலைந்துவிட்டது. அங்கன்வாடியில் அரசே ஐந்து வகைச் சாதத்தோடு சமுதாய வளைகாப்பு நடத்துவதையும், அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை விடுவதையும் பார்க்கும்போது இரண்டும் சேர முடியும் என்று நம்பிக்கை வருகிறது.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் அணு. குழந்தை தங்காததற்கு அவனிடமும் காரணம் இருக்கலாம், முதல் சோதனையிலேயே அவனும் போய் நிற்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணின் ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு ராத்திரியில் நீங்களும் விழித்திருங்கள்.