பிறப்பு இலவசம், இறப்புக்குப் பத்தாயிரம்

தொழில் தொடங்க இந்தியாவைப் போல எளிதான இடம் உண்டா என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறார்களே, அதில் பொய்யில்லை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கம்பெனியைப் பதிவுசெய்ய அரசுக்குப் பதிவுக் கட்டணமே இல்லை. முத்திரைத்தாள் செலவு, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் தனி. மாலை போட்டு உள்ளே அழைத்துப்போவார்கள். கதவு உள்பக்கமாகத் தாழிடப்படும் சத்தம் அப்புறம்தான் கேட்கும்.

ஆண்டுக்கு ஆண்டு இரண்டு படிவங்கள் போட்டாக வேண்டும். கணக்குகளுக்கு ஏஓசி-4, ஆண்டு ரிட்டர்னுக்கு எம்ஜிடி-7 (சின்னக் கம்பெனிக்கு 7ஏ). உரிய நேரத்தில் போட்டால் மூலதனத்தைப் பொறுத்து 200 முதல் 600 ரூபாய் வரை. நியாயம்தான், யாரும் குறைசொல்லவில்லை. கெடு தாண்டினால், 2018 ஜூலை 1 முதல், படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். உச்சவரம்பு கிடையாது. மூலதனத்தைப் பார்த்து ஏறி இறங்கிய கட்டணம் இங்கே வந்ததும் திடீரென்று சமதர்மம் பேசுகிறது: லட்சம் கோடி புரட்டும் குழுமத்துக்கும் அதே நூறு, மாவு அரைத்து பாக்கெட் போடும் கம்பெனிக்கும் அதே நூறு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை இந்த நாட்டில் இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்பத்தூரில் நாலு லேத் போட்டிருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கிற பெரிய இடம் “பிரைவேட் லிமிடெட் ஆக்கிக்கிட்டு வாங்க சார்” என்றது, ஆக்கினார். ஆர்டர் நின்றது. லேத்தை விற்றார், ஷெட்டைக் காலி செய்தார், ஆளுக்கு மிச்சச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினார். கடை மூடியாயிற்று என்று நினைத்தார், பாவம். கம்பெனி காகிதத்தில் உயிரோடிருந்து, இரண்டு படிவத்துக்குமாக நாளுக்கு 200 ரூபாய் தின்றுகொண்டிருந்தது. வருஷத்துக்கு 73,000. முதல் வருஷத்துப் படிவங்கள் இரண்டு வருஷம் தாமதம், அடுத்த வருஷத்தவை ஒரு வருஷம் என்றால் 2,19,000 ரூபாய். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத கம்பெனிக்கு! இதற்கு மேல் பதிவாளர் விசாரித்து விதிக்கும் அபராதம் வேறு. கம்பெனிக்கு அதன் உச்சவரம்பு படிவத்துக்கு 2 லட்சம். குற்றத்துக்கான தண்டனைக்கு எல்லை உண்டு, தாமதத்துக்கான கட்டணத்துக்கு இல்லை. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் கந்துவட்டிக் கடையில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

சரி, நேரத்தோடு போடலாம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் போர்ட்டல் விட வேண்டுமே. கெடு முடியும் நாள் இரவு பதினொன்றரைக்கு ஆடிட்டர் ஆபீஸ்களைப் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, உருவி, துடைத்து, மறுபடி செருகிக்கொண்டிருப்பார்கள். ஓ.டி.பி. வராது. வந்தால் பக்கம் லாக்-அவுட் ஆகியிருக்கும். பணம் போயிருக்கும், சலான் வந்திருக்காது. 2023 ஜனவரியில் புதிய வெர்ஷனுக்கு மாறியபோது ஏற்பட்ட குளறுபடியில் அமைச்சகமே கூடுதல் கட்டணமின்றி அவகாசம் தந்தது. 2025 ஜூலையில் மிச்சப் படிவங்களை மாற்ற, போர்ட்டலையே சில நாள் மூடினார்கள். அந்த ஆண்டு ரிட்டர்ன் கெடுவும் நீண்டது. பெரிய மனசுதான். ஆனால் அவர்கள் தாமதித்த நாளுக்கு யாராவது நமக்கு நூறு ரூபாய் அனுப்பினார்களா?

2019இல் இன்னொரு கூத்து. கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்க, அலுவலகக் கட்டடத்தின் படமும் உள்ளே இயக்குநர் நிற்கும் படமும் கேட்டார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு. கெடு தவறினால் 10,000. வீட்டு முன்னறையில் கம்பெனி நடத்தியவர்களெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜ் தெரியாதபடி ஓரமாக நின்று போஸ் கொடுத்தார்கள். போலிக் கம்பெனிகளை ஒழிக்கவாம். ஏழாயிரம் கோடிக்குமேல் புளுகியதாக 2009இல் அதன் தலைவரே ஒப்புக்கொண்ட சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்குகள் அதுவரை ஆண்டு தவறாமல் தணிக்கையாகி, பெரிய பெயர்களின் கையெழுத்தோடு வெளிவந்துகொண்டுதான் இருந்தன. பொய்யை நேரத்தோடு போட்டால் கூடுதல் கட்டணம் இல்லை. உண்மையை ஒரு நாள் பிந்திப் போட்டால் நூறு ரூபாய்.

நாம் காசு கட்டிப் போட்ட அதே காகிதங்களை யாராவது பார்க்க வேண்டுமென்றால், ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துகாட்டுகிறார்கள். வரும்போதும் வரும்படி, போகும்போதும் வரும்படி.

ஆளை விடுங்கப்பா, கம்பெனியையே எடுத்துவிடுகிறேன் என்றால்? அதற்கு எஸ்டிகே-2 என்று ஒரு படிவம். கட்டணம் 10,000 ரூபாய். பிறக்கக் காசு வாங்காத அரசு சாகக் காசு கேட்கிறது. பழைய ரிட்டர்ன்களை நிலுவைக் கட்டணத்தோடு போட்டு முடிக்காமல் அந்தப் படிவத்தையே தொட முடியாது. கம்பெனிகளை விரைவாக மூடிவைப்பதற்கென்றே 2023இல் ஹரியானாவின் மானேசரில் ஒரு மையமும் திறந்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு இயக்குநரும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், ஈட்டுறுதிப் பத்திரம் தர வேண்டும், நோட்டரி முத்திரை வேண்டும். ஆடிட்டர் சான்றளித்த கணக்கறிக்கை, விண்ணப்பிக்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 30ஆம் நாள் சர்வர் படுத்தால், லேத்காரர் மறுபடி ஆடிட்டரிடம் போய் புதுத் தேதி போட்டு, பூஜ்யம் என்று எழுதிய அதே தாளில் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கும் ஃபீஸ் உண்டு.