கீழிருந்து மேல், கலைந்துள்ளது

வார இணைப்பின் கடைசிப் பக்கத்தில், குறுக்கெழுத்துக் கட்டத்துக்கு மேலே இப்போது புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது: ‘விளையாடிக்கொண்டே சொல்வளம் பெருக்குவோம்’. பெருக்குவோம் என்று யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடித்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, கண்ணயரப் போகிறவர்களை எழுப்பி ‘நாலெழுத்து, ரெண்டாவது னகரம்’ என்று நச்சரிக்கும் உரிமைக்காகத்தான் நாமெல்லாம் கட்டம் நிரப்புகிறோம். அருமையான வெட்டிவேலை. வெட்டிவேலையைக்கூட நிம்மதியாகச் செய்யவிடாமல் அதற்கொரு பயனைக் கட்டிவிடுவது இந்தக் காலத்து வியாதி. நடந்தால் காலடியை எண்ணு, தூங்கினால் மணியை எண்ணு, கட்டம் போட்டால் சொல்லை எண்ணு. இதனால் சொல்வளம் பெருகாது என்பது என் கட்சி. 

முதலில், கட்டத்துக்குள் எந்தச் சொல் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் முதல் கட்டத்தைப் போட்டபோது அவர் கையில் இருந்தவை 26 எழுத்துகள். ஒரே ‘கே’யிலிருந்து கிங் குறுக்கே போகலாம், கைட் கீழே இறங்கலாம். நமக்கு 247. கட்டத்தில் ‘கி’ விழுந்துவிட்டால் வெட்டிப் போகும் சொல்லுக்கும் அதே ‘கி’தான் வேண்டும், ‘க’ ஆகாது, ‘கீ’ ஆகாது. புதிர் போடுகிறவர் என்ன செய்வார், பாவம்? கொம்பு, கால், கொக்கி எதுவும் இல்லாத மொட்டை எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்குவார்: வனம், தவம், பலம், கனம், ரதம், மதம். எந்த வாரத்துக் கட்டத்தைப் பிரித்தாலும் உள்ளே ஒரு முனிவர் வனத்தில் தவம் செய்துகொண்டிருப்பது இதனால்தான், பக்தியால் அல்ல. அமெரிக்கக் கட்டங்களிலும் இதே கூத்துதான். நான்கு எழுத்தில் மூன்று உயிரெழுத்து என்ற ஒரே தகுதியில் ஓரியோ பிஸ்கட் அங்கே ஓயாமல் வந்துபோகிறது. இன்னொரு வேடிக்கை. நன்னூல் கணக்கில் நம்மிடம் ஓரெழுத்து ஒருமொழி 42 உண்டு. அவை ஒன்றுக்கும் கட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் ஒற்றைக் கட்டத்தில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது?

தவம் வந்ததும் அடுத்த சிக்கல் வரும். அதன் கடைசியில் ஒரு ‘ம்’ உட்கார்ந்திருக்கிறது. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே தவம் முதல் வரிசையில் இருந்தால் அந்த ‘ம்’மிலிருந்து எந்தச் சொல்லும் கீழே இறங்க முடியாது. கீழேயிருந்து மேலேறி வந்து ‘ம்’மில் முடிந்தால்தான் உண்டு. இங்கிலீஷ்காரருக்கு இரண்டு திசை போதும் என்றிருக்க நமக்கு மட்டும் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று நான்கு திசை வந்த கதை இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதுவரை சரி, மன்னிக்கலாம். ஆனால் அப்படியும் சேரவில்லை என்றால் ‘தலையில்லை’, ‘வாலில்லை’, ‘கலைந்துள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கைகழுவிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ‘முனிவர் செய்வது (3), கீழிருந்து மேல், கலைந்துள்ளது’. ஐயா, கலைந்த பிறகு திசை எதற்கு? மூன்று எழுத்தை ஆறு விதமாக அடுக்கலாம். ஒன்று நேர், ஒன்று தலைகீழ், மீதி நான்கும் கலைந்தவை. அந்த நான்கையும் மேலிருந்து படித்தாலும் கலைந்தவைதான், கீழிருந்து படித்தாலும் கலைந்தவைதான், தலைகீழாக நின்று படித்தாலும் கலைந்தவைதான். இருந்தும் திசையைக் குறிப்பிட ஒருவாரமும் தவறுவதில்லை. ‘கலைந்துள்ளது, வாலில்லை’ என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். வாலை வெட்டிவிட்டுக் கலைத்தார்களா, கலைத்துவிட்டு வெட்டினார்களா? முன்னதென்றால் விடை ‘வத’. பின்னதென்றால் ‘வம்’, அல்லது ‘ம்த’, அல்லது ‘தம்’. உரையாசிரியர்கள் இருந்திருந்தால் இதற்கு இரண்டு கட்சி கட்டி எழுதியிருப்பார்கள். ‘வத’ என்று கட்டத்தில் எழுதியவருக்கு எந்த வளம் பெருகியது?

விஷயத்துக்கு வருகிறேன். சொல்வளம் என்றால் எத்தனை சொல் தெரியும் என்பதல்ல, எது எங்கே நிற்கும் என்று தெரிவது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ இருக்கிறது. நெல்லுக்கு இருப்பது தாள், மிளகாய்ச் செடிக்குக் கோல், குத்துச்செடிக்குத் தூறு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி என்று பிரித்துக் காட்டுகிறார். இப்போது இதைக் கட்டத்தில் போடுங்கள். ‘தாவரத்தின் அடிப்பகுதி (2)’. தாள், கோல், தூறு, கழி, கழை, அடி ஆறுமே இரண்டு கட்டத்தில் கச்சிதமாக அடங்கும்! குறிப்பைப் படித்தவருக்கு ஆறும் ஒன்றுதான். குறுக்கே வருகிற சொல்லில் ‘ழி’ இருந்தால் கழி, ‘டி’ இருந்தால் அடி. எந்த வேறுபாட்டுக்காக இத்தனை சொற்கள் உண்டாயினவோ, அந்த வேறுபாட்டை அழித்தால்தான் புதிரே உருவாகும்.

படித்தவர்கள் இதற்கு ஓர் ஆராய்ச்சியைக் கொண்டுவருவார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். மறுபடி படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே வினாவிடை நல்லது என்பது வாதம். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் படித்ததை முழுக்க நினைவிலிருந்து எழுதினார்கள். ‘கடைசி எழுத்து ழி, முதல் எழுத்து மட்டும் சொல்’ என்று யாரும் கேட்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை உருப்போட வைத்தார்களே, அது என்ன என்று இன்னொருவர் கேட்பார். சூடாமணி நிகண்டை ஒப்பித்த பையன் பிறகு அதே சொல்லை ஏதாவது ஒரு செய்யுளில் சந்தித்தான். கட்டத்தில் சந்தித்த சொல்லை நாம் அடுத்தபடி சந்திப்பது இன்னொரு கட்டத்தில்.

சரி, சொற்களை உருப்போடுவதே வளம் என்றால் நைஜல் ரிச்சர்ட்ஸை என்ன செய்வது? நியூசிலாந்துக்காரர். 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. 2024-இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். அந்த மொழியும் பேசத் தெரியாது. அகராதியை அப்படியே தலைக்குள் இறக்கியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது, ஏனென்றால் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன் என்று அந்த மனிதர் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் வார இணைப்புக்கு அந்த நேர்மைகூட இல்லை. சொல்வளம்தான் நோக்கம் என்றால், மறுவாரம் விடை போடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும், அது வருகிற ஒரு வாக்கியமும் போட வேண்டாமா? போடுவதில்லை. பூதக்கண்ணாடி கேட்கிற அளவில், நிரப்பிய கட்டம் மட்டும் மூலையில் தலைகீழாகக் கிடக்கும். பக்கத்தில் பரிசு பெற்றவர்கள் பெயர், ஊர், முன்னெழுத்தோடு, பெரிய எழுத்தில்.