விழுந்தவர் குற்றம்

சார்லட் நகர ரசிகர்களின் நீதியுணர்வு மெச்சத்தக்கது. 2023-ல் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியான கரோலினா பாந்தர்ஸ், புதுவீரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரைஸ் யங், அந்த ஒரே சீசனில் 62 முறை தரையில் சாய்க்கப்பட்டார். பந்தெறியக் கையைத் தூக்குவதற்குள் மேலே நூற்றிருபது கிலோ ஆள். தவறு யாருடையது? சந்தேகமென்ன, கீழே கிடந்தவருடையதுதான்! உயரம் ஐந்தடி பத்தங்குலம் என்று வேறு கண்டுபிடித்தார்கள். தேர்ந்தெடுத்த அன்று ஆறரை அடி இருந்திருப்பார் போலும். பயிற்சியாளரைப் பதினோராவது ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அடுத்தது பையன். ஒரு சீசன் எதற்கு? தேசிய கீதத்துக்கு நிற்கும் தோரணையிலேயே தெரிந்துவிடாதா?

1998-ல் இண்டியானாபொலிஸுக்கு இந்தத் தெளிவு இல்லை. 28 முறை எதிரணி கையில் பந்தைக் கொடுத்த புதுப்பையன் பெய்ட்டன் மேனிங்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அனுபவித்தார்கள். 2007-ல் சூப்பர் பவுல் கோப்பை வந்து சேர்ந்தது. அதைத் துடைத்து வைக்கிற வேலை வேறு.