பழங்கதைக்காரர்

கண்டியில் பள்ளிக்கூடம் படித்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முன்னால் பழத்தை வெட்டி வைக்கப்போகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். அவர் கொழும்பில் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கலாம். ஸ்காபரோவில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டுகஸ்தோட்டையை விட்டு ஒருநாளும் நகராதவராகவும் இருக்கலாம். தட்டைக் கண்டதும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஒரு துண்டை முள்ளுக்கரண்டியால் குத்தி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயில் போட்டு மூன்று தரம் மென்று, எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரைப் போலத் தலையை ஆட்டுவார்கள். "ம்ஹும். இதெல்லாம் ஒரு பழமா? நாங்க ஸ்கூல் விட்டு வாற வழியில பறிச்சுத் தின்ன கொய்யா இருக்கே..." அவ்வளவுதான். மூத்த பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடும். மனைவிக்கு அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்துவிடும். எழும்ப வழியில்லாதவர் விருந்தாளி ஒருவர்தான். பழங்கதை என்ற சொல்லுக்கு அகராதி பழைய கதை என்று பொருள் சொல்லும். அது பழத்தைப் பற்றிய கதை என்பது அந்த விருந்தாளிக்குத்தான் தெரியும்.

கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. மதில் கட்டாயம் உயரமாக இருக்கும். அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். உள்ளே ஒரு நாய், ஒரு வயதான அம்மா, அந்த அம்மா கையில் ஒரு விளக்குமாறு. கூடப் போன கூட்டாளிகளில் ஒருவராவது இன்றைக்கு அவுஸ்திரேலியாவில் இருதய நிபுணர். பறித்த கொய்யாவின் எண்ணிக்கை சொல்பவரின் வயதோடு சேர்ந்து ஏறும். இதில் பள்ளிக்கூட பேதம் கிடையாது. 1854இல் தொடங்கிய புனித அந்தோனியார் கல்லூரிக்காரரும் 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரிக்காரரும் கிரிக்கெட் என்றால் பரம்பரைப் பகையாளிகள்; தர்மராஜாவும் கிங்ஸ்வூட்டும் அப்படித்தான். கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போன தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சண்டையிலும் பங்கில்லை. ஆனால் கொய்யா என்று வந்துவிட்டால் அத்தனை பேரும் ஒரே கட்சி. இவ்வளவு பேர் ஒரே குரலில் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளுவது நியாயமில்லை. மதிலும் நாயும் விளக்குமாறும் உண்மையாகவே இருந்திருக்கும். கதையில் ஒரேயொரு பிழைதான் இருக்கிறது. அவர் பழம் பறிக்கவில்லை. பறித்ததெல்லாம் காய்.

முதற் சாட்சி உப்பு. கதையை நன்றாகக் கேட்டால், பாதி வழியில் ஒரு கடதாசிப் பொட்டலம் வரும்; கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து மடித்தது. அதற்குள் உப்பும் மிளகாய்த் தூளும். பழுத்த கொய்யாவுக்கும் பழுத்த அம்பரெல்லாவுக்கும் யாராவது வீட்டிலிருந்து மிளகாய்த் தூள் கட்டிக்கொண்டு போவார்களா? காலையிலேயே அடுக்களையில் கைவைத்தவன் மத்தியானம் தனக்குக் கிடைக்கப்போவது காய் என்று தெரிந்துதான் புறப்பட்டிருக்கிறான். இந்தப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தவள் பெரும்பாலும் தங்கச்சிதான். கதையில் அவளுக்கு இடமே கிடையாது. பங்கு கேட்டு அழுத ஒரு சின்னப் பிள்ளையாக ஒரு தடவை தலைகாட்டுவாள். இரண்டாவது சாட்சி வெள்ளைச் சீருடை. இந்த நாட்டின் கல்வி முறையில் களவெடுக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மாங்காய்ப் பால் வாயோரத்தைச் சுடும். சட்டையில் பட்டால் பழுப்பாய்ப் பிடித்துக்கொள்ளும். சன்லைட் சவர்க்காரத்தோடு தோய்க்கும் கல்லடியில் நின்ற அம்மாமார் அந்தக் கறையை வைத்தே எந்த மரம், எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். பால் வடிவது காயில்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏன் காய்? பொறுமை இல்லாததாலா? அவருக்கு வேண்டாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அது கண்டியின் கள நிலவரத்தைக் கணக்கில் எடுத்த அறிவார்ந்த முடிவு. பேராதனைப் பூங்காவின் உயர்ந்த மரங்களில் ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுக்கக் கிழிந்த குடைகளைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும்; பொழுது சாய்ந்ததும் ஊரெல்லாம் போய்ப் பழுத்ததை மட்டும் மோந்து பார்த்து எடுக்கும். பகல் முறைக்கு உடவத்தகலைக் காட்டிலிருந்து குரங்குகள் கூரை வழியாக இறங்கும். அவை பழுத்ததைத் தின்னும். பழுக்காததை ஒரு கடி கடித்துவிட்டு எறியும். இந்தக் குரங்குகளின் தொல்லை எவ்வளவு என்று தெரிய, 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு நாடு முழுவதும் மக்கள் தத்தம் வளவுகளில் நின்று குரங்கு, மயில், மலை அணில் என்று எண்ணினார்கள். அரசாங்கமே ஐந்து நிமிடம் ஒதுக்கி எண்ணிப் பார்க்க வேண்டிய அளவுக்குப் போட்டியாளர்கள் உள்ள ஊரில், ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பொடியனுக்கு மிஞ்சுவது எது? இரவு முறைக்காரரும் பகல் முறைக்காரரும் வேண்டாம் என்று விட்டுவைத்த காய். பழுக்கட்டும் என்று காத்திருந்தவன் கண்டியில் கொட்டையைத்தான் கண்டிருப்பான்.

இது நேற்று வந்த வழக்கமுமல்ல. 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கண்டி ராச்சியத்தில் சிறையிருந்து, 1679இல் தப்பிப்போன ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மண்ணின் பழங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இங்குள்ளவர்கள் நல்ல பழங்களைக் கூடப் பழுக்க விடாமல் காயிலேயே பறித்துக் கறி வைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் நம் கதைக்காரரின் வம்சாவளி கிடக்கிறது. எங்காவது ஒரு மரத்தில் விசேஷமான பழம் காய்த்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அரசனின் அதிகாரி வந்து, அரசன் பெயரால் மரத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டிவிட்டுப் போவாராம். அதன் பிறகு மரத்துக்குச் சொந்தக்காரனே தொட்டாலும் கடும் தண்டனை. பழுத்ததும் வெள்ளைத் துணியில் சுற்றி அரண்மனைக்குப் போய்விடும். அதாவது, பழுத்தால் அரசனுக்கு, காயென்றால் நமக்கு. இரண்டாம் ராஜசிங்கன் காலத்துக் குடியானவன் போட்ட இந்தக் கணக்கைத்தான், நொக்ஸின் பெயரைக் கூடக் கேள்விப்படாத ஏழாம் வகுப்புப் பொடியன் மதிலேறி நின்று மனக்கணக்காகப் போட்டிருக்கிறான். அவனுக்குக் கயிறு கட்டியவர் விளக்குமாற்று அம்மா.

அப்படியென்றால் இவ்வளவு பேருடைய நாக்கும் சேர்ந்து பொய் சொல்லுமா, இனித்தது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். நாக்கு பொய் சொல்லாது, நினைவு சொல்லும். தனி ஆளின் நினைவென்ன, ஓர் ஊரின் பெயரே சொல்லும். பேராதனைக்கு அந்தப் பெயர் கொய்யாவால் வந்தது என்பது பரவலான நம்பிக்கை: சிங்களத்தில் பேர என்றால் கொய்யா, தெனிய என்றால் தாழ்நிலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம். பேர என்ற சொல்லும் பேரிக்காயைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் இலங்கையில் கால் வைத்தது 1505இல். பேராதனையின் பெருமையைச் சொல்பவர்களோ 1371இலேயே மூன்றாம் விக்கிரமபாகு அங்கே அரசிருக்கை வைத்திருந்தான் என்று தொடங்குவார்கள். அந்தக் காலத்திலேயே ஊர் இதே பெயரோடு இருந்திருந்தால், இன்னும் கடல் தாண்டாத ஒரு பழத்தின் பெயரை அது எப்படி வைத்துக்கொண்டிருக்கும்? கொய்யா பிறகு வந்தது. வந்து, பழைய காலத்துக்குள்ளும் வேர் விட்டுவிட்டது. ஓர் ஊரே இப்படி நினைவைத் திருத்தி எழுதலாமென்றால், ஒரு தனி மனிதர் ஒரு புளித்த காயை இனிப்பாக்கியதில் என்ன குற்றம்?

அந்த இனிப்பு வந்த வழியையும் கண்டுபிடிக்கலாம். கண்டியில் பலாவும் றம்புட்டானும் பழுக்கத்தானே செய்தன என்று ஓர் ஆட்சேபம் உண்டு. பழுத்தன. ஆனால் பலாப்பழத்தை எந்தப் பொடியனும் பையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஓடினாலும் மணம் அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். நல்ல றம்புட்டான் மரம் பூத்து பிஞ்சு விடும்போதே வியாபாரி வந்து மரத்தோடு விலை பேசிவிடுவார். பிறகு வலையும் வரும், காவலும் வரும். அது சிவந்து குவியும் காலமும் பெரஹரா காலமும் ஒன்றாகவே வரும். ஊர்வலம் பார்க்க வெளியூரிலிருந்து வந்த மாமா நடைபாதைக் கடையில் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கித் தருவார். அதுதான் இனித்தது. ஆனால் மாமா வாங்கித் தந்த பழத்தில் கதை இல்லை. மதிலேறிப் பறித்த காயில் கதை இருந்தது, இனிப்பு இல்லை. ஐம்பது வருடத்தில் இரண்டும் ஒரே பையில் கிடந்து ஒன்றின் சுவை மற்றதில் ஏறிவிட்டது. காயைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் வைத்துப் பழுக்கவைத்தோமே என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அண்ணன் தம்பிக்குப் பங்கும் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் துணிந்த களவாளி அபூர்வம்.

இன்றைய பழத்தில் சுவை இல்லை என்று அவர் சொல்வதை மட்டும் முழுதாகத் தள்ள முடியாது. மரத்தில் முற்றாததைப் பிடுங்கிக் கல் வைத்துப் பழுக்கவைத்தால் தோல் மஞ்சளாகும். உள்ளே சீனி ஏறாது. கடையில் பளபளக்கும் பெரிய கொய்யாவுக்கும், ரோட்டோரத்தில் தானாக முளைத்து உள்ளே சிவந்திருக்கும் சின்னக் கொய்யாவுக்கும் மணத்தில் வெகுதூரம். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கமும் சரக்கு இருக்க வேண்டும். இன்றைய பழத்தை அன்றைய பழத்தோடு ஒப்பிடலாம்; அன்றைய காயோடு எப்படி ஒப்பிடுவது? பள்ளிக்கூட வாசலில் வெரளு அச்சாறும் அம்பரெல்லா அச்சாறும் விற்றவரைக் கேட்டால் வழக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த வியாபாரம் முழுவதும் காயை நம்பித்தான் நடந்தது. அவருடைய வாடிக்கைக்காரர்கள்தான் பின்னாளில் பழத்தின் புகழ்பாடிகள் ஆனார்கள்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் மலையிலிருந்து வரும். ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயத்திலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பிள்ளையும் வழியில் கொய்யா பறித்தது. அதற்கு அது குறும்பல்ல, மத்தியானச் சாப்பாடு. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். மரத்தில் இருந்தது பழமா காயா என்று பார்க்கும் நிலைமை அப்போது இல்லை. பிஞ்சுப் பலாவும் சோறாயிற்று. பலா மரத்தைக் கண்டபடி வெட்டக்கூடாது என்று 1951இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டது ஏன் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரியும். அப்படியானால் பழப்பறிப்பைச் சிரிப்பாக எழுதலாமா? எழுதலாம், ஆனால் யாருடைய பறிப்பைச் சிரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். லயத்துப் பிள்ளை பெரியாளான பிறகு பழத்தட்டைக் கண்டு பிரசங்கம் வைப்பதில்லை. பேசாமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடும். கதை சொல்ல வேண்டுமென்றால், மதிலேறும்போதே வீட்டில் சோறு மூடி வைத்திருக்கிறது என்ற நிச்சயம் இருந்திருக்க வேண்டும். நம் கதைக்காரர் தன்னையறியாமல் ஒவ்வொரு தடவையும் அறிவிப்பது அதைத்தான்: தனக்குப் பசி இருக்கவில்லை. அவர் பீற்றிக்கொள்ள வேண்டிய செல்வம் கொய்யா அல்ல, அந்த மூடி வைத்த சோறு. அதை வைத்தவர் பெயரும் உப்புப் பொட்டலம் கட்டியவள் பெயரைப் போலவே கதையில் வருவதில்லை.

இவ்வளவு வாதத்தையும் அவரிடம் சொல்லிப் பயனில்லை. வருடத்துக்கொரு தரம் வெளிநாட்டிலிருந்து வந்து, மரம் நின்ற இடத்தில் இப்போது நிற்கும் மூன்று மாடி விடுதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, முச்சக்கர வண்டிக்காரருக்கும் முழுக் கதையைச் சொல்லி முடித்தவர் அவர். கட்டுரை படித்தா மனம் மாறப்போகிறார்? செய்முறைப் பரிசோதனை ஒன்றுதான் வழி. அடுத்த முறை அவர் வரும்போது தட்டில் பழம் வைக்க வேண்டாம். கண்டி மாக்கெட்டில் தேடி, கல்லுப் போன்ற பச்சைக் கொய்யா இரண்டு வாங்கி, வெட்டாமல் அப்படியே வையுங்கள். பக்கத்தில் கொப்பித்தாளில் உப்பும் தூளும். அவருக்குக் கண் கலங்கும். கையிலெடுத்து வேட்டியில் துடைப்பார். ஆசையோடு ஒரு கடி கடிப்பார். பல் கூசும், ஒரு பக்கத்துக் கட்டுப்பல் ஆட்டம் காணும், அந்த வீட்டில் முதல் தடவையாக இரண்டு நிமிடம் மௌனம் நிலவும். பிறகு, கடித்த காயை யாருக்கும் தெரியாமல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொல்வார்: "கொஞ்சம் பழுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?"