ஆதரவு யாருக்குப் பாப்பா?

உக்காரு பாப்பா. வெயில்ல வந்திருக்க, மோர் குடிச்சிட்டு அந்தப் பேப்பரை நீட்டு. நம்ம வடக்குப்பட்டுல 2022ல தொல்லியல் துறைக்காரங்க குழி வெட்டி, பன்னெண்டாயிரம் வருசத்துக் கல் ஆயுதம்னு எடுத்துக் காட்டினாங்க. அந்தக் காலத்து அப்பனுங்க, பொண்டாட்டி புள்ளைக்குப் பால் குடுக்கறப்ப கூடமாட இருந்தானுங்களான்னு கேக்க ஆளில்ல. இந்தக் காலத்து அப்பனுங்களைக் கேக்க இப்ப நீ கேள்வித்தாளோட வந்துட்ட.

முதல் கேள்வி இன்னா? 'தாய்ப்பாலூட்டலுக்குத் தாங்கள் ஆதரவளிக்கிறீர்களா?' ஏம்மா, ஆதரவுன்னா இங்க எலெக்சனுக்குக் கைகூப்பிக்கினு வர்றவங்க கேக்கறது. வந்தவங்க எல்லாருக்கும் உண்டுன்னுதான் சொல்லி அனுப்புவோம். உனக்கும் அதான். 'முழுமையாக உடன்படுகிறேன்'ல டிக் அடிச்சிக்க.

ஒருத்தர் இந்தக் கேள்வித்தாளை இங்கிலீஷ்லேர்ந்து தமிழாக்கினாராம், மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கினாராம், ரெண்டும் ஒத்துப்போச்சாம். போகாம? ரெண்டு பேருமே படிச்சவங்க. புத்தகத் தமிழாப் போனது புத்தக இங்கிலீஷாத் திரும்பி வந்திருக்கு. நடுவுல என் பேரன் காதுல விழவே இல்லியே!

அயோவான்னு அமெரிக்காவுல ஒரு சீமையாம், அங்க எழுதி 1999ல வெளிவந்த 17 கேள்வின்னு சொன்னியே. புள்ளைக்குப் பால் குடுத்தா அப்பங்காரன் தன்னை ஒதுக்கிட்டதா நினைப்பான்னு அதுல ஒண்ணு. ஒதுக்கறதுக்கு அவன் கிட்ட இருக்கணுமே கண்ணு! தலைப்பிரசவம்னா பொண்ணு அவ அம்மா வீட்டுல. இவன் ஒரகடத்துக் கம்பெனியில நைட் ஷிப்ட். ஞாயித்துக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோட போய் மாமியார் வீட்டுத் திண்ணையில விருந்தாளி மாதிரி உக்காந்துட்டு வருவான். 2017லேர்ந்து முதல் ரெண்டு பிரசவத்துக்குத் தாய்க்கு 26 வாரம் லீவுன்னு சட்டம். மத்திய அரசு உத்தியோகம்னா அப்பனுக்கும் 15 நாளு. கம்பெனிக்காரனுக்கு? மேஸ்திரி மனசு வெச்சாத்தான். ராத்திரி புள்ளையைத் தூக்கிக் குடுத்தியான்னு அவனைக் கேட்டா இன்னா சொல்வான் பாவம்.

'ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்'. இதுக்கும் ஊரே ஆமான்னு சொல்லும். ஆனா ஆமான்னு சொன்னவளே சர்க்கரைத் தண்ணி தொட்டு வெச்சிருப்பா, உரைமருந்து, கிரைப் வாட்டர் எல்லாம் குடுத்திருப்பா. தண்ணியும் மருந்தும் ஆகாரமான்னு உன்னையே திருப்பிக் கேப்பா. ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கேளு.

அப்பறம் பதிலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு கணக்கு போடற அந்த ஆல்ஃபா. 0.7 தாண்டினா நல்ல கேள்வித்தாள்னு சந்தோசப்படற. ஒருத்தன் எதைக் கேட்டாலும் ஆமான்றான், இன்னொருத்தன் கடுப்புல எல்லாத்துக்கும் இல்லைன்றான். அப்பவும் அது ஏறும்தானே? அதான் சில கேள்வியைத் தலைகீழா வெக்கறாங்கன்னு நீயே சொன்ன. ஆனா 'இல்லை என்பதை மறுக்கிறேன்'னு எழுதிட்டு வந்துடாத, எனக்குத் தலை சுத்தும்.

அப்பங்காரனைக் கேக்க இதை எழுதிக்க. அவ பால் குடுக்கறப்ப ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வெச்சியா? மூத்ததைத் தூக்கிக்கினு வெளியே போனியா? 'பால் பத்தல, பவுடர் டப்பா வாங்கியா'ன்னு உங்கம்மா சொன்னப்ப நீ வாயைத் தொறந்தியா, இல்ல செல்போனை நோண்டினியா? கடைசிக் கேள்விக்கு எவனாவது எச்சி முழுங்கினா, அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுடாத. அதான் சரியான கேள்வி.

மேலண்டை வீட்டுப் பையன் ஷிப்ட் முடிஞ்சி தூங்கறான், இப்ப எழுப்பாத. அவன் பொண்டாட்டி போன வாரந்தான் புள்ளையோட வந்தா. அஞ்சு மணிக்கு மேல போய் முதல்ல அவளைத் தனியாக் கேளு. அப்பறமா அவனைக் கேக்கலாம்.